பொட்டு தெரியாத வெளிச்சம்

நான் வேலை பார்க்கும் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் ஒரு பெட்டி இருக்கிறது. ஒரு பக்கம் திறந்து, உள்ளே சாம்பல் வர்ணம் பூசி, கூரையில் பல விதமான விளக்குகளை மாட்டிய பெட்டி. சாயப்பட்டறையிலிருந்து வரும் துணியையும் வெளிநாட்டுக்காரன் அனுப்பிய மாதிரித் துண்டையும் சேர்த்து அதற்குள் வைத்து, ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. பகல் வெளிச்ச விளக்கில் அக்கா தங்கையாக இருக்கும் இரண்டு துணிகள், கடை விளக்கைப் போட்டதும் யாரோ எவரோ ஆகிவிடும். சாயப்பட்டறைக்காரருக்கு என் மேல் கோபம் வரும். பகலில் பார்த்தபோது சரியாகத்தானே இருந்தது என்பார். அந்த வெளிச்சத்தில் சரியாகத்தான் இருந்தது என்பேன். அவர் என்னைச் சபித்துக்கொண்டே துணியை எடுத்துப் போவார்.

துணிக்கென்று தனியாக நிறம் எதுவும் கிடையாது, சாயம் பாதி, வெளிச்சம் பாதி என்று புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் பாடம் எடுப்பதுண்டு. இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்பார்கள். கல்லூரியில் என்று சொல்லிவிடுகிறேன். உண்மையில் அதைக் கற்றுக்கொண்டது எருமப்பட்டி ரோட்டில் ஒரு கோழிப்பண்ணையில். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. கற்றதில் பாதிதான் அன்றைக்கு விளங்கியது.

அந்தப் பண்ணையை அப்பா குத்தகைக்கு எடுத்து நடத்தினார். முட்டைக்கோழி ஷெட்டுகள் நீளநீளமாக நிற்க, அவற்றுக்குத் தள்ளி எங்கள் வீடு. வீட்டுக்கும் வேப்பமரத்துக்கும் அந்தப் பக்கம் குஞ்சு ஷெட். கோழிப்பண்ணை நாற்றம் வெளியூர்க்காரர்களுக்குத்தான் நாற்றம். எங்களுக்கு அது சோற்று வாசனை மாதிரி. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பிடித்துக்கொண்டபோது எதற்கென்றே எனக்குத் தெரியவில்லை.

குஞ்சு ஷெட்டுக்கு மட்டும் சட்டதிட்டம் அதிகம். நாலு பக்கமும் கம்பி வலை, வலைக்கு வெளியே கனமான படுதா. உள்ளே தரையெல்லாம் உமி பரப்பி, மேலே வரிசையாகச் சிவப்பு பல்பு தொங்கும். உள்ளே போகிறவர்கள் செருப்பை மாற்ற வேண்டும். வெளித்துணியோடு போகக் கூடாது, ஷெட்டுக்கென்று வைத்திருக்கும் துணியை உடுத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வெளிச் சீக்கு உள்ளே போய்விடும் என்பார் அப்பா. அவர் கோவிலுக்குள்கூட அவ்வளவு பயபக்தியாக நுழைந்து நான் பார்த்ததில்லை.

சிவப்பு பல்பு ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். அப்பா அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கு உட்காரவைத்துச் சொன்னார். "கோழிக்கு ரத்தம் தெரிஞ்சாக் கொத்தும் சாமி. ஒண்ணு கொத்துனா அத்தனையும் வந்து கொத்தும், அந்தக் குஞ்சு சாகற வரைக்கும் உடாது. செவப்பு வெளிச்சத்துல ரத்தம் தெரியாது. தெரியலீன்னா அதுக பாட்டுக்குச் சும்மா இருக்கும்." எல்லாமே சிவப்பாக இருக்கும் இடத்தில் சிவப்பு தனியாகத் தெரியாது என்பதை நான் அன்றைக்குப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்த ஷெட் எனக்கு விளையாட்டுச் சாமான் ஆகிவிட்டது. பச்சை ரிப்பன் உள்ளே போனதும் கறுப்பாகும். மஞ்சள் குஞ்சுகள் வெள்ளையாகும். எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயம் என் கணக்குப் பரீட்சைத் தாள். டீச்சர் சிவப்புப் பேனாவால் போட்ட பெருக்கல் குறிகளெல்லாம் பல்புக்கு அடியில் பிடித்தால் மாயமாகிவிடும். அங்கே வைத்துப் பார்த்தால் நான் ஒரு தப்பும் செய்யாத பிள்ளை. தாளை அங்கேயே அப்பாவிடம் காட்டிக் கையெழுத்து வாங்கப் பார்த்தேன். வெளியே வா என்று கூட்டிப் போய்த்தான் கையெழுத்துப் போட்டார்.

அதிசயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. பண்ணையில் வேலை செய்த பெண்கள் முதலில் அந்த ஷெட்டுக்குள் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு நாள் தண்ணீர் வைக்கப் போன ஒருத்தி நிமிர்ந்து இன்னொருத்தியின் முகத்தைப் பார்த்திருக்கிறாள். நெற்றியில் குங்குமம் இல்லை. கழுத்தில் மஞ்சள் கயிறு வெளுத்துக் கிடந்தது. அவள் போட்ட சத்தத்தில் இருவரும் பாத்திரத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தார்கள். வெளியே வந்ததும் பொட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. புருஷன் லாரியில் போயிருக்கும்போது பொட்டு இல்லாத முகத்தோடு நின்றுவிட்டேனே என்று அவள் அழுதாள். அப்பா, பொட்டு எங்கேயும் போகவில்லை, வெளிச்சந்தான் காட்டவில்லை என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தார். நம்பவைக்க ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து ஷெட்டுக்குள் மாட்டினார். வேலியில் போகிற ஓணானை மடியில் விட்ட கதையாகப் போயிற்று. அதுவரை அடுத்தவள் முகத்தில் பார்த்ததை, இப்போது ஒவ்வொருத்தியும் தன் முகத்தில் பார்த்தாள்.

அன்றோடு புருஷன் உள்ள எந்தப் பெண்ணும் குஞ்சு ஷெட்டுக்குள் கால் வைக்கவில்லை. அம்மாவும் வாசலோடு நின்றுகொள்வாள். தீவனத்தை அங்கிருந்தே அப்பாவிடம் நீட்டுவாள்.

அத்தை வந்துதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அவளை மேச்சேரிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலைக்கு இருந்தார். கல்யாணம் முடிந்த கையோடு வடக்கே போனவர், தீபாவளிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். தீபாவளிக்கு முன்னால், தூக்கிய பைப் நழுவி விழுந்து அங்கேயே இறந்துபோனார். அவருடைய துணிப்பை மட்டும் பிறகு வண்டிக்காரர்களோடு வந்து சேர்ந்தது. சில மாதம் மாமனார் வீட்டிலேயே இருந்தவளை அப்பா போய்க் கூட்டி வந்தார்.

அத்தை வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தாள். டவுன் பக்கமெல்லாம் அப்போதே அந்த வழக்கம் தேய்ந்துவிட்டது, அதிலும் அவ்வளவு சின்ன வயதில் யாரும் வெள்ளைக்குப் போவதில்லை. அன்றைக்கு அவளுக்கு இருந்த வயதை நான் இப்போது தாண்டிவிட்டேன். அவள் வெள்ளைதான் உடுத்த வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. வேறு ஏதாவது உடுத்திக்கொள் என்றும் யாரும் சொன்னதில்லை. எங்கள் வீட்டு மனிதர்கள் நல்லவர்கள். நல்லவர்கள் இப்படித்தான் இருந்தார்கள்.

குஞ்சு ஷெட்டுக்கு ஆளில்லை என்று பேச்சு வந்தபோது, பண்ணைப் பெண்களில் ஒருத்தி, அவங்க போலாமே, அவங்களுக்கென்ன என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மாவின் முகம் சுருங்கியது. அத்தை சாதாரணமாக எழுந்து நின்றாள். "நான் போறனுங்கண்ணா. எனக்கு அங்க போயி மறையறதுக்கு என்ன இருக்குது" என்றாள். அவள் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

ஷெட்டுக்குள் போனபின் அத்தை வேறு ஆளானாள். வீட்டுக்குள் அவள் சுவரோரமாகவே நடப்பாள். யாராவது வெளியே கிளம்பினால் எதிரே வராமல் உள்ளே போய்விடுவாள். ஷெட்டுக்குள் அப்படி இல்லை. கை வீசி நடப்பாள், குஞ்சுகளைப் பேர் வைத்துக் கூப்பிடுவாள், அவற்றில் சோம்பேறிக் குஞ்சுகளுக்கு என் பேரை வைப்பாள். என்னவோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே உமியைக் கிளறிவிடுவாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் செருப்பையும் சட்டையையும் மாற்றிக்கொண்டு அவளிடம் ஓடிவிடுவேன். அவள் தீவன மூட்டை மேல் உட்கார, நான் அவள் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்வேன்.

சில நாட்களில் அந்த மடி வழுக்கும். வீட்டில் அவள் உடுத்துவது துவைத்துத் துவைத்து நைந்த பருத்திச் சேலை. ஷெட்டுக்குள் உடுத்தியிருப்பதும் வெள்ளைதான், ஆனால் வழுவழுவென்று பூனம் சேலை மாதிரி இருக்கும், நகர்ந்தால் சரசரக்கும். இது என்ன சேலை அத்தை என்று கேட்டேன். ஷெட்டுச் சேலை என்றாள். அப்பாவின் சட்டப்படி ஷெட்டுக்கென்று தனித்துணி வேண்டும்தானே, அதனால் நான் மேலே எதுவும் கேட்கவில்லை. அந்தச் சேலையை மட்டும் அவள் வெளிக்கொடியில் காயப்போட மாட்டாள். உள்ளேயே அலசி, பல்புகளுக்குக் கீழே கம்பியில் போடுவாள். சீக்கு ஒட்டிக்கொள்ளுமே என்பாள். அப்பாவைவிட அத்தைக்குச் சட்டதிட்டம் அதிகம் என்று எனக்கு அவள் மேல் மரியாதை கூடியது.

அதே சமயத்தில் வீட்டில் அம்மாவின் குங்குமச் சிமிழ் சீக்கிரம் சீக்கிரமாகக் காலியானது. நான்தான் விளையாட எடுக்கிறேன் என்று அம்மா என்னைத் திட்டினாள். நான் சாமி மேல் சத்தியம் செய்தும் நம்பவில்லை. காதைப் பிடித்துத் திருகினாள். அப்புறம் ஒரு நாள் திட்டுவதைத் திடீரென்று நிறுத்திவிட்டாள். சிமிழ் அதன்பின் எப்போதும் நிறைந்தே இருந்தது, இருக்கும் இடந்தான் மாறியது. பூஜை மாடத்திலிருந்து கொல்லைக் கதவுக்குப் பக்கத்து அலமாரிக்கு அம்மா அதை மாற்றி வைத்திருந்தாள். ஷெட்டுக்குப் போகிற வழி அது. என் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்ததே போதும் என்று நானும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இறந்தவருக்கு வருஷத் திதி முடிந்த பிறகு, கோடை லீவில், அத்தையின் மாமனார் வந்தார். மேச்சேரியிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார். நல்ல உயரம், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. எனக்குக் கடலைமிட்டாய் வாங்கி வந்திருந்தார். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு அப்பா அவரை உட்காரவைத்தார். அவர் வந்த காரணம் முந்தைய வாரமே எல்லோருக்கும் தெரியும். அத்தையை அழைத்துப் போக வந்திருந்தார். அவர் மனைவிக்கு முட்டி வலி, ஆடுகளைப் பார்க்க ஆளில்லை, எங்க ஊட்டுப் பொண்ணு எங்க ஊட்டுல இருக்கறதுதானுங்க மொறை என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அத்தைக்குப் போக மனமில்லை. அதையும் நான் கேட்டிருந்தேன். அப்பாவிடம் அவள், "நான் இங்கயே இருந்துக்கறனுங்கண்ணா. இந்தக் குஞ்சுகளப் பாத்துட்டே இருந்துக்கறேன். வேற ஒண்ணும் வேண்டாம்" என்று சொன்னபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். நீ ஏன் போகணும், நான் பேசிக்கறேன் என்றார் அப்பா. அந்த வாக்கை நம்பித்தான் அன்றைக்கு அவள் மாமனாருக்குத் தண்ணீர் கொடுத்து, கும்பிட்டுவிட்டு, வழக்கம்போல ஷெட்டுக்குள் போனாள். கடலைமிட்டாயோடு நானும் போனேன். அப்பா மரத்தடியில் பேச ஆரம்பித்திருந்தார். அவள் இங்கே மனசு அடங்கி இருக்கிறாள், பழையது எதையும் நினைப்பதில்லை, ஒன்றும் கேட்பதில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது படுதாவுக்குள் லேசாகக் கேட்டது. அத்தை பாட்டை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். அன்றைக்கும் அந்த வழுக்குச் சேலைதான் உடுத்தியிருந்தாள்.

அப்போது கரண்ட் போயிற்று.

அந்த வருஷங்களில் கரண்ட் போவது புதிதில்லை. போகிற நேரம் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த நேரத்துக்கு முன்பே படுதாவைச் சுருட்டி ஏற்றிவிடுவார்கள், அத்தையும் அதற்கு முன்பே சேலை மாற்றிக்கொண்டுவிடுவாள். இது சொல்லாமல் கொள்ளாமல் போன கரண்ட். பட்டப்பகலில் ஷெட் கும்மிருட்டானது. இருட்டினால் குஞ்சுகள் பயந்து ஒரே மூலைக்கு ஓடி, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குமியும். அடியில் மாட்டியவை மூச்சுமுட்டிச் செத்துப்போகும். ஒரு கத்து கத்தி முடிப்பதற்குள் ஒரு கூடை குஞ்சு போய்விடும் என்று அப்பா சொல்லுவார். கரண்ட் போனால் யார் கிட்டத்தில் இருந்தாலும் முதல் வேலை படுதாவை ஏற்றுவது.

இருட்டில் அத்தை என்ன செய்தாள் என்று எனக்குக் கண்ணால் தெரியாது, காதால்தான் தெரியும். சேலை சரசரத்து மூட்டைகளுக்குப் பின்னால் போயிற்று. அவள் பருத்திச் சேலையை மடித்து வைக்கும் இடம் அது. அங்கே ஒரு நொடி நின்றது. மூலையில் குஞ்சுகளின் சத்தம் மாறியது. மேலே இருப்பவை கத்துவது வேறு, அடியில் இருப்பவை கத்துவது வேறு. அடியில் இருப்பவற்றின் சத்தம் கேட்டதும் சரசரப்பு அங்கிருந்து திரும்பி, என்னைக் கடந்து, படுதா ஓரத்துக்கு ஓடிற்று. அத்தை கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கோடை வெயில் ஒரேயடியாக உள்ளே வந்து விழுந்தது.

வெயிலில் அத்தை சிவப்பாக நின்றாள். நல்ல குங்குமச் சிவப்பில் சேலை, உடலெல்லாம் சின்னச் சின்ன மஞ்சள் பூ. நெற்றியில் வட்டமாகப் பொட்டு. அத்தையை நான் அதுவரை பார்த்ததே இல்லை என்று தோன்றியது. அவ்வளவு அழகாக இருந்தாள். அவள் வெளியே பார்க்கவில்லை, தன்னையும் பார்க்கவில்லை. நேரே மூலைக்குப் போய் மண்டியிட்டு, குவியலுக்குள் இரண்டு கையையும் விட்டுக் குஞ்சுகளை அள்ளி அள்ளிப் பின்னால் விட்டாள். நானும் வரவேண்டும் என்று சைகை காட்டினாள். நான் நகராமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அத்தை, உங்க சீலைல பூவெல்லாம் இருக்குது" என்றேன்.

அவள் கை நின்றது. குனிந்து தன் மடியைப் பார்த்தாள். அந்தச் சேலையை உடுத்திய கோலத்தில் அவளே அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்திருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன். சிவப்புச் சேலையை அவள் சிவப்பு தெரியாத இடத்தில்தான் உடுத்த முடிந்தது. பொட்டு தெரியாத இடத்தில்தான் பொட்டு வைத்துக்கொள்ள முடிந்தது. அப்பா மாட்டிவிட்டுப் போன கண்ணாடி அங்கேயே தொங்கியும், அவளுக்கு அது ஒரு நாளும் எதையும் காட்டியதில்லை. கண்ணுக்கே தெரியாததை எதற்காக அத்தனை நாள் உடுத்தினாள் என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது.

அப்பா ஓடிவந்தார். வலைக்கு வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். குஞ்சு செத்துக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும், ஆனாலும் உள்ளே வரவில்லை. பின்னாலேயே மாமனார் நடந்து வந்தார். அவர் வலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அம்மா வீட்டு வாசலில் கையில் கரண்டியோடு நின்றாள். குஞ்சுகள் மட்டும் வெளிச்சம் வந்த சந்தோஷத்தில் கத்திக்கொண்டிருந்தன.

மாமனார்தான் பேசினார், குரலை உயர்த்தாமல். "எம்மகன் பையைப் பிரிச்சு அந்தச் சீலைய எடுத்துக் குடுத்தது நாந்தானுங்க மாப்பளை. தீவாளிக்குன்னு எடுத்து வெச்சிருந்தான். வெச்சுக்கட்டும்னுதான் குடுத்தேன். கட்டிக்கட்டும்னு குடுக்கலீங்க."

எனக்கு அது விளங்கவே இல்லை. சேலை என்று ஒன்று இருந்தால் கட்டிக்கொள்ளாமல் அதை வேறு என்ன செய்வது என்று நான் யோசித்தேன். அப்பா அவரை மாமா என்று மட்டும் கூப்பிட்டார். மனசு அடங்கி இருக்கிறாள் என்று சற்று முன்னால் அவர் சொன்ன சொல்லெல்லாம் அந்த ஒரு சேலையின் முன் செல்லாததாகிவிட்டது. மாமனாரை நான் பல வருஷம் கெட்டவர் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. அவர் கண்ணில் நீர் இருந்தது. பிரித்த பைக்குள் அந்தச் சிவப்பை முதலில் பார்த்தவர் அவர். அன்றைக்கு வலைக்கு வெளியே நின்று அவர் பார்த்தது மருமகளை மட்டுமாக இருக்காது. ஆனால் நொந்துபோனவர் சொன்ன வார்த்தையும் வார்த்தைதான், அது அத்தையின் தலையில்தான் விழுந்தது.

அத்தை எஞ்சிய குஞ்சுகளை ஒதுக்கி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். செத்தவை கொஞ்சந்தான். அவற்றை ஒரு வாளியில் போட்டு ஓரமாக வைத்தாள். மூட்டைக்குப் பின்னால் இருந்த வெள்ளைச் சேலையை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் குளியலறைக்குப் போனாள். திரும்பி வந்து மாமனாரிடம், "நான் வாரனுங்க மாமா" என்றாள். அவர் அவளை நேரில் இன்னும் கூப்பிடவே இல்லை, அதற்குள் அவளே சொல்லிவிட்டாள். போகாதே என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம் அப்பா. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், வேர்வை அத்தனை இல்லை. அம்மா உள்ளே போய்ப் பை கட்டினாள். சிவப்புச் சேலையை மடித்து, அடியில் வைத்து, அதன் மேல் வெள்ளைச் சேலைகளை அடுக்கினாள். பொழுது சாய்வதற்குள் அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். நான் ரோட்டில் உருண்டு அழுதேன். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வந்துருவா என்று அம்மா சொன்னது, அழுகையை நிறுத்தச் சொன்ன பொய்.

அப்பா மறுநாளே சிவப்பு பல்புகளைக் கழற்றிவிட்டு வெள்ளை பல்பு மாட்டினார். அந்த வெளிச்சத்தில் நிற்க அவரால் முடியவில்லை போலிருக்கிறது. குஞ்சுகள் ஒன்றையொன்று நன்றாகப் பார்த்துக்கொண்டன. எதற்கோ கால் கீறிய ஒரு குஞ்சை மற்றவை சூழ்ந்துகொண்டன. அப்பா கையை விட்டு எடுப்பதற்குள் அது முடிந்துவிட்டது. அதன்பின் இன்னொன்று. சில நாளில் சிவப்பு பல்புகள் மறுபடி ஏறின. இந்த முறை ஷெட்டுக்குள் போனவள் அம்மா. பொட்டு போயிருமே அம்மா என்றேன். போனாப் போகுது என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாற்றினாள். அவள் அப்பாவோடு அதன்பின் வெகுநாள் சரியாகப் பேசவில்லை.

அத்தை இன்னும் மேச்சேரிப் பக்கந்தான் இருக்கிறாள். மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆடுகளும் அவளும் இருக்கிறார்கள். என் கல்யாணத்துக்கு வந்திருந்தாள். மண்டபத்தில் நிறம் மாறும் விளக்குகளைச் சுழலவிட்டிருந்தார்கள். தூணோரம் நின்ற அத்தையின் வெள்ளைச் சேலை நீலமானது, பச்சையானது, பிறகு சிவப்பானது. வெள்ளைத் துணி தன் மேல் விழுகிற எந்த வெளிச்சத்தையும் வேண்டாம் என்று சொல்லாது. அவள் தன் முந்தானையைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்த்தாள். அப்புறம் நகர்ந்து, டியூப்லைட் எரிகிற இடத்துக்குப் போய் நின்றுகொண்டாள். மணவறையில் நான் அழுததைப் பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

கரண்ட் போன அன்றைக்கு, சேலையை மாற்றிக்கொண்டு மாமனார் முன்னால் போவதற்கு முன், அத்தை குழாயடியில் நின்றாள். அதைச் சொல்வது பாக்கி இருக்கிறது. முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். அங்கே கண்ணாடி இல்லை, அதனால் என்னைக் கூப்பிட்டாள். என் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து, நெற்றியை வெயிலுக்குக் காட்டி, போயிருச்சா பாரு சாமி என்றாள். இன்னும் லேசாகச் சிவப்பு இருந்தது. இருக்குதுங்கத்தை என்றேன். வெள்ளை முந்தானையை நனைத்து என் கையில் கொடுத்தாள். நான் அழுத்தித் தேய்த்தேன். முந்தானையில் கறை ஏறியது, நெற்றியிலும் சிவப்பு கூடியது. குங்குமம் மிச்சமிருக்கிறதா, நான் தேய்த்ததில் தோல்தான் சிவந்துவிட்டதா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் தொடச்சு உடு சாமி, இன்னும் தொடச்சு உடு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது. அப்பா படுதாவை இறக்கிக்கொண்டிருந்தார். இறங்காத ஓரத்து இடுக்கில் ஷெட்டுக்குள் சிவப்பாக எரிவது தெரிந்தது. எனக்கு ஒரு நல்ல யோசனை வந்தது.

"அத்தை, கரண்ட் வந்திருச்சு. நீங்க உள்ள போயி நின்னுக்கிட்டா ஆருக்கும் தெரியாதுங்கத்தை."

அத்தை கண்ணைத் திறந்து ஷெட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "ஆமா சாமி. அங்க தெரியாது" என்றாள். என் கன்னத்தைத் தொட்டுவிட்டு எழுந்து, நனைந்த முந்தானையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். ஆமாம் என்று ஒப்புக்கொண்டவள், ஷெட்டுப் பக்கம் போகாமல் ஏன் மாமனார் இருந்த வேப்பமரத்துப் பக்கம் போகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.